சப்பாணிமுத்துக்கு வரன் பார்த்த கதை

வாங்க தாயி, உள்ள வாங்க. அந்த நாற்காலியில உக்காராதிய, அதுக்கு ஒரு காலு ஆட்டம். இதுல உக்காருங்க. பெனிட்டா மேடம் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போயிருக்காவ. "புதுசா ஒரு பிள்ளை வரும், நான் வார வரைக்கும் உக்கார வச்சிருங்க வடிவக்கா, நீங்க ஒண்ணும் சொல்லிக் குடுக்க வேண்டாம்"னு சொல்லிட்டுப் போனாவ. நான் என்னத்தச் சொல்லிக் குடுக்கப் போறேன்? சும்மா பேசிக்கிட்டு இருப்போம்.

பேரு என்ன சொன்னிய? பவளக்கொடியா! இந்தக் காலத்துல இப்பிடி ஒரு பேரு. யாரு வச்சாவளோ, நல்லா இருக்கணும். வயசு இருபத்தி நாலு இருக்குமா? கல்யாணம்...? சரி சரி, கேக்கல. வந்த ஆளுகிட்ட எடுத்த எடுப்புல அதக் கேக்காதிங்கக்கான்னு மேடம் சொல்லியிருக்காவ. கேக்கல. நட்சத்திரம் மட்டும்... வேண்டாம், விடுங்க, அப்பறமாச் சொல்லுங்க.

நான் சண்முகவடிவு. வடிவக்கான்னு சொன்னா சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு பூக்காரிக்குக்கூடத் தெரியும். கல்யாணம் பேசி முடிக்கிறதுதான் நமக்குத் தொழிலு. இந்த ஊர்ல பாதி வீட்டுல தொட்டில் ஆடுதுன்னா அதுக்கு நான்தான் காரணம். தப்பா எடுத்துக்கிடாதிய, நான் பேசி முடிச்ச கல்யாணம்னு சொல்ல வாரேன். எந்த வீட்டு வாசலுக்குப் போனாலும் "வாங்கக்கா"ம்பாவளே தவிர, யாருன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாவ. அதனாலதான் இந்த டிரஸ்ட்டுல என்னையத் தேடி வந்து எடுத்தாவ. படிச்ச பிள்ளைகள அனுப்புனா கதவத் திறக்க மாட்டேங்காவளாம்.

வேலை என்னன்னு உங்களுக்குச் சொல்லியிருப்பாவ. தாய் இல்லாத பிள்ளை, தகப்பன் குடிச்சிட்டு அடிக்கிற பிள்ளை, பள்ளிக்கூடத்துக்குப் போகாம வீட்டுல கிடக்க பிள்ளை, இப்பிடி உள்ள வீடுகளுக்குப் போயி, அந்தக் குடும்பம் சிதறிறாமத் தாங்கிப் பிடிக்கணும். ஒண்ணும் முடியலன்னாத்தான் பிள்ளைகளக் கொண்டுபோயி இல்லத்துல விடுதது. அதையும் நம்ம முடிவு பண்ண முடியாது. குழந்தைகள் நலக்குழுன்னு ஒண்ணு இருக்கு, பெரிய பெரிய ஆளுக, அவியதான் சொல்லணும்.

வேலை பாத்துக்கிட்டே பயிற்சி. எல்லாருக்கும் ஆறு மாசம். எனக்கு அத ரெண்டு தடவ நீட்டி இப்பம் மூணாவது தடவையும் நீட்டியிருக்காவ. இந்த டிரஸ்ட்டு ஆரம்பிச்ச நாள்ல இருந்து யாருக்கும் இப்பிடிச் செஞ்சதே இல்லியாம். "உங்களுக்காகத்தான்க்கா தலைமை ஆபீஸ்ல கெஞ்சிக் கேட்டு வாங்கியிருக்கேன்"னு மேடமே சொன்னாவ. எம்மேல அவ்வளவு பிரியம். வயசு இருபத்தி ஏழுதான் ஆகுது, என்ன பொறுமைங்கிய! இப்பிடிப்பட்ட பிள்ளைக்கு நாலு வரன் கொண்டு வந்தேன். போட்டோவக்கூடப் பாக்கல.

முதல் பாடம், கேக்கது. நம்ம பேசப்படாது. எதிர்ல இருக்கவ பேசணும், நம்ம கேக்கணும். இத நாடகம் மாதிரி நடிச்சுக் காட்டுனாவ. மேடம்தான் ஒரு தாய். புருசன் குடிகாரன், கைப்பிள்ளை பாலுக்குக் கத்துது. "நான் அழுதுக்கிட்டே சொல்லுவேன்க்கா, நீங்க கேட்டுக்கிட்டு மட்டும் இருங்க"ன்னாவ. முந்தானைய வாயில பொத்திக்கிட்டு என்னமா அழுதாவங்கிய! "ஏட்டி, அழாத. அந்தக் குடிகாரனத் தலை முழுகு. கழுகுமலையில எங்கிட்ட ஒரு பையன் இருக்கான், முதல் தாரம் விட்டுட்டுப் போயிட்டா, பிக்கல் பிடுங்கல் கிடையாது, மில்லுல சூப்பர்வைசரு"ன்னு சொல்லிட்டேன். மேடம் அழுகைய நிப்பாட்டிட்டு என்னையே பாத்தாவ. "அக்கா, நான் இன்னும் என் பேரக்கூடச் சொல்லலியே"ன்னாவ. பேரு எதுக்கு? நட்சத்திரம் தெரிஞ்சாப் போதாதா?

அப்பறம் நானே ஒரு வழி கண்டுபிடிச்சேன். வாயில வெத்தலைய அடக்கிக்கிட்டுப் போனா பேச முடியாதுல்லா? நல்லாத்தான் போச்சு. ஒரு வீட்டுல அந்தப் பொம்பள நெஞ்சு விம்மி ஏதோ சொல்ல வந்தா. எனக்கு எச்சி முட்டிட்டு. கைய ஆட்டி அவள நிப்பாட்டிட்டு எந்திரிச்சு ஓடுனேன். திரும்பி வந்து பாத்தா, அவ அரிசி புடைக்க ஆரம்பிச்சிட்டா. மேடம் அன்னையோட வெத்தலைக்குத் தடை போட்டுட்டாவ. அதுல இருந்து கல்கண்டு. அது கரையிற வரைக்கும் வாயத் திறக்கப்படாதுன்னு எனக்கு நானே போட்டுக்கிட்ட சட்டம்.

ரெண்டாவது பாடம், ஒரு வீட்டு விசயத்த இன்னொரு வீட்டுல சொல்லப்படாது. நீங்களே சொல்லுங்க தாயி, அப்பறம் எதுக்கு வீடு வீடாப் போறது? ஆனா சொன்னாச் சொன்னதுதான். மேடத்துக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன், எங்கிட்ட இருந்து ஒரு வார்த்தை வெளிய போகாது. அந்தக் கதவ லேசாச் சாத்துங்க, ஒண்ணு சொல்லுதேன். கீழத்தெரு ரேடியோ கடைக்காரர் மக இருக்காள்லா... வேண்டாம், அது பெரிய கதை. நீங்க வீட்டுக்குப் போகும்போது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து சொல்லுதேன்.

மூணாவது, பாத்ததப் பாத்தபடி எழுதணும். நான் முதமுதல்ல ஒரு பிள்ளையப் பத்தி எழுதுனேன். பெண் குழந்தை, மாநிறம், மூக்கும் முழியும் லட்சணம், அடக்கமானவள், குடும்பம் கௌரவமானதுன்னு. மேடம் வாசிச்சிட்டு, "அக்கா, இந்தப் பிள்ளை பொங்கலுக்குப் பெறகு பள்ளிக்கூடமே போகல, அது எங்க?"ன்னு கேட்டாவ. அதெல்லாம் எழுதலாமா? வாசிக்கிறவன் என்ன நினைப்பான்? குறைய மறைச்சு நிறையச் சொல்லியே பழகுன வாயி நம்மளுது. இப்பம் போயி மாத்துன்னா எப்பிடி மாறும்?

இதெல்லாம் கிடக்கட்டும். உங்ககிட்ட ஒரு வீட்டப் பத்திச் சொல்லணும். ஏன்னா நாளையில இருந்து அந்த வீட்டுக்கு நீங்கதான் போகப் போறிய. ஆமா. உங்களுக்கு இன்னும் சொல்லலியா? அப்பம் நான் சொன்னேன்னு சொல்லிராதிய. என் வீடு அது. நான் போயிக்கிட்டு இருந்த வீடு. எங்கிட்ட இருந்து எடுத்து உங்ககிட்டக் குடுக்காவ. உங்க மேல எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல. ஆனா எனக்கு அது உள்ளுக்குள்ள கிடந்து அரிக்கு, அதையும் சொல்லிருதேன்.

சப்பாணிமுத்துன்னு பேரு. பூ மார்க்கெட்டுல மூட்டை தூக்குறவன். பொண்டாட்டி மஞ்சக்காமாலையில போயிட்டா. ரெண்டு பொம்பளப் பிள்ளைக. மூத்தவ முப்பிடாதி, நாலாங்கிளாஸ். அப்பனப் பெத்தவ பேர வச்சிருக்கான். சின்னவ பேரு ஹர்ஷினி. அது டிவியப் பாத்து அவ அம்மா வச்ச பேரு. பூ மார்க்கெட்டுக்கு விடியுமுன்னயே லோடு வந்துரும்லா, இவன் இருட்டுலயே எந்திரிச்சுப் போயிருவான். வெயில் ஏறுன பெறகுதான் வருவான். நடுவுல பிள்ளைக தன்னால எந்திரிச்சு, மூத்தவ அடுப்பப் பத்தவச்சு, சின்னவளுக்குத் தலை சீவி, ரெண்டும் கையப் பிடிச்சுக்கிட்டுப் பள்ளிக்கூடம் போகும். ஒரு நாள் கஞ்சி வடிக்கும்போது சின்னவ கால்ல கொட்டிட்டு. யாரோ போன் பண்ணிட்டாவ. நலக்குழுவுல கூப்பிட்டு, விடியக்காலையில இந்தப் பிள்ளைகள அடுப்போட தனியா விடப்படாது, முழுப்பரிட்சை முடியுறதுக்குள்ள கூட இருக்க ஒரு ஆளு ஏற்பாடு பண்ணு, இல்லன்னா ரெண்டு பேரையும் இல்லத்துல சேக்கணும்னு சொல்லிட்டாவ.

அந்த ஆளக் கண்டுபிடிக்கதுதான் எங்க வேலை. மேடம் என்ன பண்ணுனாவங்கிய? எதிர்வீட்டுல மைதீன்பாத்துன்னு ஒரு அம்மா, பீடி சுத்துறவ, தனிக்கட்டை. அவ வாசல்ல போயி உக்காந்துக்கிடுவாவ. அவ பேசுவா பேசுவா, இவிய சாயாவக் குடிச்சிக்கிட்டுக் கேட்டுக்கிட்டே இருப்பாவ. பிள்ளைகளப் பத்தி ஒரு வார்த்தை கேக்க மாட்டாவ. வாரா வாரம் இதே கூத்து. "மேடம், கேட்டுரலாமே"ன்னேன். "அவங்களா சொல்லணும்க்கா"ன்னாவ. பரிட்சை வந்துக்கிட்டு இருக்கு, இவிய சாயா குடிச்சிக்கிட்டு இருக்காவளேன்னு எனக்கு எரிச்சலு.

நான் பாட்டுக்கு என் வேலையப் பாத்தேன். சாயந்தரம் போவேன், கல்கண்ட அதக்கிக்கிட்டு உக்காந்திருப்பேன். சப்பாணிமுத்து மூலையில இருப்பான், நான் வாசல்ல இருப்பேன், ரெண்டு பேரும் பேச மாட்டோம். கொஞ்ச நாள் பாத்துட்டு அவனே, "யக்கா, பல்லு வலியா?"ன்னு கேட்டான். அவன் எங்கிட்டப் பேசுன முதல் வார்த்தை அதான். மேடத்துகிட்ட வந்து சொன்னேன், எவ்வளவு சந்தோசப்பட்டாவ தெரியுமா? "அவரே பேசிட்டாரா, அப்பிடித்தான்க்கா!"ன்னாவ. அந்தப் பிள்ளைகளும் எங்கிட்ட ஒட்டிக்கிட்டு. அத்தை அத்தைன்னு சின்னவ மடிய விட்டு இறங்க மாட்டா. மூத்தவ அப்பிடி இல்ல. பக்கத்துல நின்னு, நான் சின்னவளுக்குத் தலை சீவுறதையே பாத்துக்கிட்டு இருப்பா. "அத்தை, வகிடு கோணுது"ன்னுவா. பெரிய மனுசி.

அப்பிடி ஒரு நாள் சீவிக்கிட்டு இருக்கும்போதுதான் எனக்கு உறைச்சுது. இது என்ன பெரிய விசயம்? பொம்பள இல்லாத வீடு. ஒரு பொம்பள வந்துட்டா எல்லாம் சரியாப் போகும். இதுக்கு எதுக்கு டிரஸ்ட்டு, எதுக்கு நலக்குழு? சுரண்டைப் பக்கம் பிரம்மசக்தின்னு ஒரு பிள்ளை எங்கிட்ட இருந்தா. செவ்வாய் தோசம், அதனால தள்ளிப் போயிட்டு, மத்தபடி தங்கமான குணம். அவ தாய்மாமாகிட்டப் பேசுனேன். "ரெண்டு பிள்ளைக இருக்காமே, அது மட்டும்தான் யோசனையா இருக்கு"ன்னாரு. "அத நான் பாத்துக்கிடுதேன், நீங்க வீடு பாக்க வாங்க"ன்னேன். ஞாயித்துக்கிழம சாயந்தரம் வாரோம், தென்காசியில இருந்து பெரியம்மா ஒருத்தி நேர அங்க வந்துருவா, அவ சொல்லுததுதான் எங்க வீட்டுல சட்டம்னாரு.

சப்பாணிமுத்துகிட்டச் சொல்லல. ரெண்டாம் தாரம் பேசும்போது மாப்பிள்ளைகிட்ட முன்னக்கூட்டிச் சொல்லவே படாது. செத்தவ போட்டோவப் பாத்துக் கண்ணக் கசக்குவான், காரியம் கெட்டுரும். ஆளுக வந்து உக்காந்துட்டா, வந்தவியள எப்பிடி எந்திரிச்சுப் போகச் சொல்லுததுன்னு கூச்சப்பட்டுக்கிட்டுச் சரிம்பான். இது தொழில் ரகசியம், மனசுல வச்சிக்கிடுங்க. "ஞாயித்துக்கிழம முக்கியமான ஆளுக வாராவ, வெள்ளைச் சட்டையப் போட்டு நில்லு"ன்னு மட்டும்தான் சொன்னேன். அவன் நலக்குழுதான் வாரதா நினைச்சிட்டான் போல. முன்சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சிட்டான். முப்பிடாதி வாசலக் கழுவிக் கோலம் போட்டுட்டு, மனப்பாடச் செய்யுள் மாதிரி ஒப்பிச்சுக்கிட்டு இருக்கா. "எங்கப்பா எங்கள நல்லாப் பாத்துக்கிடுவாங்க. நாங்க அடுப்புப் பக்கம் போக மாட்டோம்." நான் அத அப்பம் கண்டுக்கிடல, கேசரித் தட்டு கையில இருந்துது.

தெருவுக்குச் சொல்லியிருந்தேன். சத்தியம் பண்ணுனது உண்மைதான், ஆனா கல்யாண விசயம் ஊருக்குத் தெரியாம நடக்குமா? நாலு வீட்டுல நாற்காலி வாங்கணும்லா? நாற்காலிக்குப் பின்னாலயே ஆளும் வந்துட்டாவ. ஜன்னல்ல பூராவும் தலை.

கொஞ்ச நேரத்துல ஒரு அம்மா வந்தாவ. கஞ்சி போட்ட சேலை, தங்க பிரேம் கண்ணாடி, கையில ஒரு நோட்டு. நான் ஓடிப் போயி, "வாங்க பெரியம்மா, தென்காசியில இருந்து பஸ்ல கூட்டமா?"ன்னு கையப் பிடிச்சு உள்ள கூட்டிட்டு வந்து, நாற்காலியப் போட்டு, கேசரிய நீட்டிட்டேன். அவிய "நான் பிள்ளைகளப் பாக்கத்தான்..."னாவ. "பாக்கலாம் பாக்கலாம், முதல்ல வாய இனிப்பாக்குங்க"ன்னேன்.

அந்த அம்மா கேட்ட கேள்வியச் சொல்லுதேன், நீங்களே சொல்லுங்க யாரு தப்புன்னு. இவரு என்ன வேலை பாக்காரு? எப்பம் போவாரு, எப்பம் வருவாரு? குடிப்பழக்கம் உண்டா? வீட்டுல வேற யாரு இருக்கா? சமையல் யாரு? பொண்ணு வீட்டுக்காரி இத விட்டா வேற என்னத்தக் கேப்பா? நானும் வாய் நிறையச் சொன்னேன். மூட்டை தூக்குறான்னு சொல்ல முடியுமா? பூ வியாபாரத்துல இருக்காருன்னேன். விடியக்காலையில வேலையா? சேச்சே, வாசல்ல வெயில் அடிச்ச பெறகுதான் எந்திரிப்பாருன்னேன். குடியா? அந்த வாடையே ஆகாதுன்னேன். அது நிசம்தான். அந்த அம்மா எல்லாத்தையும் நோட்டுல எழுதுனாவ. படிச்ச குடும்பம் போலன்னு நினைச்சுக்கிட்டேன்.

கடைசியா, "ரெண்டு சின்னப் பிள்ளைக இருக்குல்ல, அவங்கள யாரு பாத்துக்கிடுவா?"ன்னு கேட்டாவ.

இந்தக் கேள்விக்குத்தான நான் காத்துக்கிட்டு இருந்தேன்! தாய்மாமாகிட்டச் சொல்லிட்டு வந்திருக்கேன்லா, நான் பாத்துக்கிடுதேன்னு. அந்த அம்மா பக்கத்துல நெருங்கி உக்காந்து, "அதப் பத்தி நீங்க கவலையே படாதிய பெரியம்மா, பிள்ளைக உங்க பொண்ணுக்கு இடைஞ்சலே கிடையாது. மூத்தவள ஹாஸ்டல்ல விட்டுருவாரு, எல்லாம் பேசி வச்சாச்சு. சின்னவள அவ சித்தி எப்பம் எப்பம்னு கேட்டுக்கிட்டு இருக்கா. அடுத்த மாசம் பாருங்க, வீட்டுல பிள்ளை இருந்த அடையாளமே இருக்காது"ன்னேன்.

அவிய பேனா நின்னுட்டு. கண்ணாடிய இறக்கி என்னையப் பாத்தாவ. சரி, ஆளு விழுந்துட்டாவன்னு நான் நினைக்கேன், பின்னால டம்ளர் விழுந்த சத்தம். சப்பாணிமுத்து. காப்பி கொண்டு வந்திருக்கான். ரெண்டு வார்த்தை சேந்தாப்புல பேசாத மனுசன் தாயி, அன்னைக்கு என்ன சத்தம் போட்டாங்கிய! "யாரு பிள்ளைய யாரு ஹாஸ்டல்ல விடுதது? எம்பிள்ளைக ரெண்டும் எங்கூடத்தான் இருக்கும். நான் மார்க்கெட் வேலைய விட்டுட்டுக் கக்கூஸ் கழுவக்கூடப் போவேன், எம்பிள்ளைகள விட மாட்டேன். எனக்குப் பொண்ணும் வேண்டாம், ஒரு மயிரும் வேண்டாம். எந்திரிச்சுப் போங்க எல்லாரும்! நீங்களும்தாம்மா, எந்திரிங்க!"

பெரியம்மாவப் பாத்து இப்பிடிச் சொல்லிட்டானேன்னு எனக்கு உசிரே போயிட்டு. கைக்கு வந்த சம்பந்தம்! ஆனா அந்த அம்மா எந்திரிக்கல. கேசரித் தட்டக் கீழ வச்சாவ. என்னையப் பாத்து, "நீங்க யாரும்மா?"ன்னாவ. "ரெண்டு வீட்டுக்கும் வேண்டப்பட்டவ"ன்னேன். அந்த நேரம் பாத்து பெனிட்டா மேடம் வேர்த்து விறுவிறுத்து உள்ள நுழையுதாவ. ஸ்கூட்டி வழியில பஞ்சராம். அந்த அம்மாவப் பாத்துக் கும்பிட்டு, "மன்னிக்கணும் மேடம், நலக்குழுவுல இருந்து இன்னைக்கு நீங்க வாரிங்கன்னு காலையிலதான் சொன்னாங்க. வடிவக்காவுக்கும் போன் போட்டேன், எடுக்கல"ன்னாவ.

எப்பிடி எடுப்பேன்? நான் கேசரி கிண்டிக்கிட்டு இருந்தேன். இடுப்புல இருந்து கல்கண்ட எடுத்து வாயில போட்டுக்கிட்டு அப்பிடியே சுவத்தோட சாஞ்சிட்டேன்.

"பிள்ளைங்க எங்க?"ன்னு அந்த அம்மா கேட்டாவ. அப்பம்தான் பாக்கோம், முப்பிடாதியக் காணோம், சின்னவளையும் காணோம். மூத்தவ பின்வாசப் படியில உக்காந்திருக்கா. புஸ்தகப் பையில இருந்த புஸ்தகத்தையெல்லாம் வெளிய அடுக்கி வச்சிட்டு, அதுல சின்னவ கவுனு ரெண்டும், பவுடர் டப்பாவும், சீப்பும் எடுத்து வச்சிருக்கா. சின்னவளுக்கு நல்ல கவுனப் போட்டு, கையப் பிடிச்சிக்கிட்டு இருக்கா. அழல. அந்த அம்மா பக்கத்துல குனிஞ்சு, "எங்கம்மா கிளம்பிட்டிங்க?"ன்னு கேட்டாவ. "ஹாஸ்டலுக்கு"ன்னா. "அப்பாவத் திட்டாதிங்க. நாங்க போயிருதோம். ஆனா பாப்பாவச் சித்தி வீட்டுக்கு விட வேண்டாம், எங்கூடயே வரட்டும். அவளுக்குத் தலை சீவ எனக்குத்தான் தெரியும்"னா.

பச்சப் பிள்ளை மனசுல யாரு இப்பிடியெல்லாம் போட்டு வச்சாவளோ! பிள்ளைக இருக்க வீட்டுல பாத்துப் பேசணும்னு நான் எத்தனையோ பேருகிட்டச் சொல்லியிருக்கேன் தாயி. யாரு கேக்கா?

சப்பாணிமுத்து வந்தான். குனிஞ்சு அந்தப் பையில இருந்து கவுன ஒண்ணொண்ணா எடுத்துக் கொடியில போட்டான். கிளிப்பு மாட்ட வரல. சின்னவ படியில ஏறி நின்னு மாட்டி விட்டா. தெருவே பாத்துக்கிட்டு நின்னுது. அந்த நலக்குழு அம்மா கண்ணாடியக் கழத்தித் தொடைக்காவ, தொடைக்காவ, தொடைச்சுக்கிட்டே இருக்காவ.

அப்பம் மைதீன்பாத்து கூட்டத்த விலக்கிக்கிட்டு உள்ள வந்தா. "என்ன பேச்சு இதெல்லாம்? நான் எதிர்ல ஒத்தையில கிடக்கேன். பள்ளிவாசல்ல வாங்கு சொல்லுமுன்னயே முழிச்சிருதேன். ஏ முத்து, நீ மார்க்கெட்டுக்குப் போறப்ப பிள்ளைகள எங்கிட்டக் கொண்டாந்து விட்டுட்டுப் போ. கஞ்சி குடுத்து நான் பள்ளிக்கூடம் அனுப்புதேன். என்னைக்கோ சொல்லியிருப்பேன், நீ தப்பா நினைப்பியோன்னுதான் வாய மூடிக்கிட்டு இருந்தேன்." அப்பறம் பெனிட்டா மேடத்தப் பாத்து, "இந்தப் பிள்ளையும் எத்தனை நாளா என் வாசல்ல வந்து உக்காந்திருக்கு, கேக்கும் கேக்கும்னு நானும் பாக்கேன், வாயத் திறக்க மாட்டேங்குது"ன்னா. மேடம் சிரிச்சாவளா அழுதாவளான்னு எனக்குத் தெரியல. ஆனா மைதீன்பாத்து வீடு எதுன்னு மேடத்துக்கு முதல்ல காட்டிக் குடுத்தது யாரு? நான்தான். அத யாரும் சொல்ல மாட்டேங்காவ.

பிரம்மசக்தி ஆளுக வந்தாவளான்னு கேக்கியளா? வந்தாவ. தெரு முனையில கார நிப்பாட்டிட்டுப் பாத்திருக்காவ. வீட்டு முன்னால கூட்டம், பொம்பளைக முந்தானையால கண்ணத் தொடைக்காவ. எழவு வீடுன்னு நினைச்சு, இறங்காமலே திரும்பிப் போயிட்டாவ. அதுல இருந்து நான் போன் போட்டா அந்தத் தாய்மாமா எடுக்க மாட்டேங்காரு.

நலக்குழுவுல கூப்பிட்டு விசாரிச்சாவ. பிள்ளைக அப்பன்கிட்டயே இருக்கட்டும், காலையில மைதீன்பாத்து பாத்துக்கிடட்டும், டிரஸ்ட்டுல இருந்து வாரா வாரம் ஆளு போகணும்னு எழுதிக் குடுத்துட்டாவ. அதோட இன்னொண்ணும் சொல்லியிருக்காவ போல. மேடம் வந்து என் பக்கத்துல உக்காந்து, "அக்கா, கொஞ்ச நாளைக்கு அந்த வீட்டுக்கு வேற ஆளு போகட்டும்"னாவ. திட்டியிருந்தாக்கூடத் தேவலை. ஏன்னு கேட்டேன். "நீங்களா ஒரு நாள் எனக்குச் சொல்லுவிங்க"ன்னாவ. மைதீன்பாத்துகிட்டப் பண்ணுன மாதிரியே எங்கிட்டயும் உக்காந்து பாக்காவ. எனக்கு என்ன தெரியும் சொல்லுததுக்கு?

போன வாரம் நான் போனேன். வேலையாப் போகல, வழியில முறுக்கு வாங்குனேன், சூடா இருந்துது, சரி பிள்ளைகளுக்குக் குடுத்துட்டுப் போவோம்னு போனேன். மேடத்துக்குத் தெரியாது. என்னைய முனையில கண்டதும் முப்பிடாதி ஓடிப் போயி வாசல்ல நின்னுக்கிட்டா. ரெண்டு கையையும் நிலையில ரெண்டு பக்கமும் ஊனிக்கிட்டு. "ஏட்டி, நான் அத்தை"ங்கேன். நகரல. உள்ள இருந்து சின்னவ அத்தை அத்தைன்னு கத்துதா, இவ காலுக்கு இடையில தலைய விட்டு வரப் பாக்கா. இவ விட மாட்டேங்கா. அந்தச் சின்ன உடம்பு அந்த வாசல அடைச்சிக்கிட்டு நிக்கு தாயி. நானும் நிக்கேன். எந்த வீட்டு வாசல்லயும் நான் அப்பிடி நின்னது கிடையாது.

"உங்களக் கூட்டிட்டுப் போக வரலட்டி. ஒருத்தரும் கூட்டிட்டுப் போக மாட்டாவ"ன்னேன். "நெசமாவா?"ன்னா. நெசமான்னேன். ஒரு கைய எடுத்து முறுக்க வாங்கிக்கிட்டா. இன்னொரு கைய எடுக்கல. நான் திரும்பி வந்துட்டேன்.

மேடம் வண்டிச் சத்தம் கேக்குல்லா? நான் ஒண்ணும் சொல்லலன்னு சொல்லிருங்க. நாளைக்கு நீங்க போகும்போது, தெருவுல இருக்கும்போதே முதல்ல அதச் சொல்லிருங்க, கூட்டிட்டுப் போக வரலன்னு. உங்க பேரு, ஊரு, டிரஸ்ட்டு எல்லாம் பெறகு சொல்லிக்கிடலாம். சின்னவளுக்குத் தலை சீவுனா, கையில கண்ணாடியக் குடுத்துட்டுச் சீவுங்க, அழ மாட்டா. மூத்தவகிட்ட வகிடு நேரா இருக்கான்னு கேளுங்க. அவசரப்பட்டு உள்ள போயிராதிய, அவ அந்த இன்னொரு கைய நிலையில இருந்து எடுக்கட்டும். நாளைக்கே எடுக்க மாட்டா. எடுத்த அன்னைக்கு எனக்கு ஒரு வார்த்தை வந்து சொல்லுங்க தாயி.